படகுக்கு எந்த எண்ணெய்

ஒரு படகுக்கு என்ன எண்ணெய் ஊற்றுவது என்று முடிவு செய்ய எங்கள் ஊரில் ஒரு சாயங்காலம் முழுக்க ஆட்கள் கூடிப் பேசினார்கள். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, வந்து கை கொடுங்கள் என்று கூப்பிட்டபோது தலைவலி, வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்ட அதே ஆட்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவன் நான். ஆகவே நான் இப்போது யாரையெல்லாம் திட்டப்போகிறேனோ அந்த வரிசையில் எனக்கும் ஒரு இடம் உண்டு. அதற்காக மற்றவர்களைச் சும்மா விட முடியாது.

அப்போது கோவில்பட்டியில் ஒரு இஞ்சின் பட்டறையில் பிட்டராக இருந்தேன். ஊரிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிணற்றில் பம்புசெட்டு வைத்துக்கொண்டிருந்த காலம். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்று இஞ்சின் இருமினாலும் தும்மினாலும் ‘பிட்டரைக் கூப்பிடு’ என்றுதான் சொல்வார்கள். பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்ட ஆள் அம்மா ஒருத்திதான். கல்யாணமாகி இரண்டாவது வருஷம்; வீட்டில் எட்டு மாதப் பெண் குழந்தை.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கிணறு இருந்தால் குடிக்கத் தண்ணீர் இருக்கும் என்று ஆற்றங்கரை ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கரிசல் கிணறுகளில் ஊறுவது உப்புத் தண்ணீர். மிளகாய்ச் செடி வேறு வழியில்லாமல் குடிக்கும். அந்தத் தண்ணீரில் பருப்பை வேகவைக்க உட்கார்ந்தால் விறகு தீருமே தவிரப் பருப்பு வேகாது. குடிக்க, உலை வைக்க, பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச எல்லாவற்றுக்கும் கண்மாய்தான். தெற்குக் கரையில் படித்துறை. அங்கே செருப்புக் காலோடு இறங்கக் கூடாது. மாட்டை இறக்கக் கூடாது. துணி அலசக் கூடாது. வாய் கொப்பளித்துத் துப்பினான் என்று ஒருவனை ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி, தண்டனையாக ஒரு நாள் முழுக்கக் கரைக்கு மண் சுமக்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். மொண்டு வரும் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். தேத்தாங்கொட்டையை ஈரக் குடத்தின் உள்பக்கம் நாலு தேய்ப்புத் தேய்த்து வைத்தால் விடிவதற்குள் மண்ணெல்லாம் அடியில் படிந்து மேல் தண்ணீர் தெளிந்துவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை வஞ்சகம் இல்லாமல் பெய்தது. கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் போயிற்று. அது தினம் நடக்கிற சங்கதி அல்ல. பொம்பளைகள் கரையில் நின்று குலவை போட்டார்கள். வைகாசி வரைக்கும் குடிதண்ணீருக்குப் பஞ்சம் இல்லை என்று என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரைக் காட்டிவிட்டு வந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளி வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். கோவில்பட்டியில் பருத்தி அரைக்கும் ஆலை வைத்துப் பெரிய ஆளாகி அங்கேயே குடிபோனவர். ஊரில் மாடி வீடு பூட்டிக் கிடக்கும். பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும் திறப்பார்கள். அவர் வந்தால் குடிப்பதற்கு டவுனிலிருந்து பித்தளைப் பானைகளில் தண்ணீர் வண்டியேறி வரும். தூத்துக்குடியில் வேலையை முடித்துக்கொண்டு கப்பலேறிய ஒரு துரை, தான் கடலில் உல்லாசமாகச் சுற்றிக்கொண்டிருந்த மோட்டார் படகை விற்றுவிட்டுப் போனாராம். அதை முதலாளி வாங்கினார். மார்கழியில் ஒருநாள் லாரியில் வந்து இறங்கியது. வெள்ளைப் பெயிண்டில் நீலக் கோடு, நாலு பேர் சாய்ந்து உட்காரத் தோல் மெத்தை, பின்பக்கம் கவ்விக்கொண்டிருந்த சின்ன இஞ்சின். பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், அவர்களைக் கண்மாயில் ஏற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் காரணம். நாலைந்து வருஷத்துக்கு ஒருதரம் நிறைகிற குடிதண்ணீரைப் பார்த்ததும் ஒரு மனுஷனுக்குச் சவாரி போகத் தோன்றுகிறது என்றால் அவரை நான் என்னவென்று சொல்ல!

அதைவிட ஊர்க்காரர்களைச் சொல்ல வேண்டும். செருப்புக் காலுக்குத் தண்டனை கொடுத்த ஊர், இஞ்சின் வைத்த படகுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டியது. ஒரு வாய், ஒரே ஒரு வாய், இது குடிக்கிற தண்ணீராயிற்றே என்று திறக்கவில்லை.

எல்லா வாயும் எண்ணெய்க்குத்தான் திறந்தது. முதலாளி வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டு இஞ்சினை அதன் மேல் சாத்தி வைத்திருந்தார்கள். துரை ஏதோ ஒரு அளவு சொன்னாராம்; அது முதலாளிக்கு மறந்துவிட்டது. “இதுக்கு எதை ஊத்தணும்?” என்று பொதுவாகக் கேட்டார்.

முதல் பம்புசெட்டு வைத்ததால் ஊரில் பம்புசெட்டு அண்ணாச்சி என்று பெயர் வாங்கிய விவசாயச் சம்சாரி ஒருவர் முந்திக்கொண்டார்.

“இதென்ன பெரிய காரியம்? பெட்ரோல்ல கிளப்பணும். சூடு ஏறினதும் சீமெண்ணெய்க்கு மாத்தி விட்டிரணும். நம்ம கெணத்துல அப்படித்தான ஓடுது!”

அவர் சொன்னது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் காலத்துப் பம்புசெட்டு இஞ்சின்களில் சின்னத் தொட்டி ஒன்று, பெரிய தொட்டி ஒன்று இருக்கும். சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். நிறுத்தும் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். மறந்து மண்ணெண்ணெயிலேயே நின்றுவிட்டால் இஞ்சினுக்குள் இருக்கிற மண்ணெண்ணெயைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி கிளப்ப முடியும். ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் அப்படிக் கொட்டிக் கொட்டிக் கறுத்துப்போன ஒரு வட்டம் இருக்கும்.

முதலாளியின் கார் டிரைவர், “நம்ம காரே பாதி நாளு சீமெண்ணெய் கலந்துதான ஓடுது?” என்றான். இன்னொருவர் குருடாயில்தான் இஞ்சினுக்குத் தெம்பு என்றார். வாழ்க்கையில் மாட்டு வண்டி தவிர வேறு எதிலும் ஏறாத ஒருவர், வேப்பெண்ணெய் ஊற்றினால் பூச்சி அண்டாது என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “எல்லாரும் சும்மா இருங்க” என்றேன். “இது கெணத்து இஞ்சின் இல்ல. இதுக்குத் தனியா ஆயில் ஊத்துத இடமே கிடையாது, பாத்தீங்களா? டவுன்ல டாக்டர் ஸ்கூட்டர் வச்சிருக்காருல்ல, அந்த ரகம். பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்தணும். பதினாறுக்கு ஒண்ணு. வெறும் பெட்ரோலு ஊத்தினாலும் பிடிச்சிக்கிடும், சீமெண்ணெ ஊத்தினாலும் பிடிச்சிக்கிடும்.”

“பிடிச்சிக்கிட்டா?” என்றார் முதலாளி.

“இஞ்சின் செத்துப்போயிரும் மொதலாளி.”

இஞ்சின் சாகக் கூடாது என்பதற்காக அத்தனை பேரோடும் மல்லுக்கட்டினேன். பம்புசெட்டு அண்ணாச்சியை, உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டே விட்டேன். கடைசியில் முதலாளி, “பிட்டரு சொல்லுதபடியே செய்யுவோம்” என்றார். கழுத்தில் மாலை விழுந்ததுபோல இருந்தது எனக்கு.

மறுநாள் பஜாரில் எண்ணெய்க்கடை பாயிடம் நல்ல ஆயிலாகப் பார்த்து வாங்கி, பெட்ரோலைத் துணியில் வடிகட்டி, அளந்து கலந்து, என் கையாலேயே ஊற்றினேன். கயிற்றை இழுத்த மூன்றாவது இழுப்பில் இஞ்சின் கிளம்பியது. என்ன சத்தம், என்ன சீர்! நானும் டிரைவரும் கண்மாயை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தோம். கரையில் ஊரே நின்று கை தட்டியது. திரும்பிப் பார்த்தபோது, படகு வந்த வழி நெடுக, தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டை மினுங்கிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கலவையில் ஆயில் ஒரு பொட்டு தூக்கலாகிவிட்டது, அடுத்த தடவை குறைக்க வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அதுதான் நினைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

பொங்கலுக்கு முந்தின பத்து நாளும் டிரைவர் பழகுகிறேன் என்று தினமும் ஓட்டினான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ என் மனைவி குடத்தைச் சாய்த்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“என்னங்க, தண்ணியில ஏதோ வாடை அடிக்குது.”

“ஏட்டி, ஒனக்கு என் சட்டை வாடை. நான்தான இப்ப குடத்தைத் தொட்டேன்?” என்று சிரித்தேன்.

அவளும் நம்பிவிட்டாள். பட்டறைக்காரன் வீட்டில் சோறு, தலையணை, குழந்தையின் தலைமுடி வரைக்கும் எண்ணெய் வாடைதான். நான் தொட்டதனால்தான் என்று அன்றிலிருந்து என்னைக் குடத்துப் பக்கமே அண்ட விடவில்லை. வாடை போகவில்லை.

பொங்கல் கழிந்து வந்த கரிநாள் அன்று சம்பந்தி வீட்டார் விருதுநகரிலிருந்து இரண்டு காரில் வந்தார்கள். நான் காலையிலேயே ஒரு டின் கலந்து டிரைவரிடம் கொடுத்திருந்தேன். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். ஒரு டின்னுக்குள் சம்பந்தி ஆசை அடங்குமா? மாப்பிள்ளை ஒரு சுற்று, மாப்பிள்ளையின் அம்மா ஒரு சுற்று, சித்தப்பா இரண்டு சுற்று. மத்தியானத்துக்குள் டின் காலி. அளவு தெரியாது, ஆயிலும் இல்லை. என்னைக் கூப்பிட்டிருக்கலாம், நான் இருந்தது கூப்பிடு தூரம். முதலாளி கூப்பிடச் சொல்லவில்லை. பம்புசெட்டு அண்ணாச்சி சும்மா இருப்பாரா? வீட்டுக்கு ஓடிப் போய் ஒரு முழு டின் சீமெண்ணெயும் ஒரு பாட்டில் பெட்ரோலும் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டிலில் இருந்து கொஞ்சம் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பினார்கள், சூடு ஏறியதும் அதன் மேல் சீமெண்ணெயை ஊற்றி நிரப்பினார்கள். கிணற்று இஞ்சினுக்குச் செய்கிற அதே சடங்கு. மிச்சத்துக்கு டின்னையும் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். நாலு பட்டுச் சேலைகளோடு படகு கிளம்பியது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்த எனக்குச் சத்தம் மாறியது கேட்டது. இஞ்சின் மூச்சுக்குத் திணறுகிற சத்தம். எச்சில் கையோடு கரைக்கு ஓடினேன். நடுக் கண்மாயில் வெள்ளைப் புகை.

“ஏலே, நிறுத்துலே! நிறுத்து!” என்று கத்தினேன். அதற்குள் அது தானாகவே நின்றது.

அடுத்து டிரைவர் செய்ததை நான் கரையிலிருந்து கண்ணால் பார்த்தேன். சீமெண்ணெயில் நின்றுவிட்ட இஞ்சினுக்கு எங்கள் பக்கத்தில் என்ன செய்வோமோ அதையே செய்தான். இஞ்சினைச் சாய்த்து, தொட்டியில் இருந்த அத்தனையையும் கவிழ்த்துக் கொட்டினான். கிணற்று மேட்டில் மண் இருக்கும். இங்கே ஊர் குடிக்கிற தண்ணீர் இருந்தது. அவனுக்கு அது உறைக்கவே இல்லை, கை பழக்கத்தில் போய்விட்டது. படகு ஆடியது, பயந்துபோன பொம்பளைகள் எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்தார்கள். சீமெண்ணெய் டின் படகுக்குள் சாய்ந்தது. பட்டுச் சேலை நனைகிறது என்று கூச்சல். டிரைவர் ஒரு சொம்பை எடுத்துப் படகுக்குள் நின்ற சீமெண்ணெயை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினான். அப்புறம் மிச்சப் பெட்ரோலை ஆயில் கலக்காமல் ஊற்றி, கயிற்றை இழுத்து, ஒரு நிமிஷம் அலற விட்டான். இஞ்சின் உள்ளுக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. நீச்சல் தெரிந்த நாலு பேர் போய்க் கயிறு கட்டிப் படகைக் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

முதலாளி சம்பந்திக்கு முன்னால் வைத்து என்னைப் பிடித்தார். “என்னமோ பதினாறுக்கு ஒண்ணுன்னு ஒரு கலவை கலந்தியே, அதுலதான் கெட்டுப்போச்சு. மொதல்லயே அண்ணாச்சி பேச்சைக் கேட்டிருக்கணும்.” அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சீமெண்ணெய் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவன் நான். மானம் போயிற்றே என்று ராத்திரி வரை அதையே புலம்பிக்கொண்டிருந்தேன். கண்மாயைப் பற்றி அன்று நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தை மாதத்து வாடைக்காற்று வடக்கேயிருந்து அடித்தது. கொட்டினது முழுவதையும் அது பொறுப்பாகத் தெற்குப் படித்துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. விடிந்ததும் தண்ணீருக்குப் போன பொம்பளைகள் கையால் மேல்தண்ணீரை விலக்கி விலக்கி மொண்டார்கள். விலக்கின இடத்தில் சீமெண்ணெய் மறுபடி வந்து மூடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து தேத்தாங்கொட்டையைத் தேய்த்தார்கள். ஒன்று போதாது என்று இரண்டு, மூன்று கொட்டை தேய்த்தாள் என் மனைவி. தண்ணீருக்கு வந்த எந்தக் கேட்டுக்கும் எங்கள் ஊருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். மறுநாள் காலையில் மண்ணெல்லாம் அடியில் படிந்து தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. வாயருகே கொண்டுபோனால் அரிக்கேன் விளக்கு வாடை. துணியில் வடிகட்டினாள். காய்ச்சிப் பார்த்தாள். அந்தக் கஞ்சியை ஒரு சங்கு புகட்டினதும் குழந்தை கக்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சிக் கொடுத்தாள். அன்று ராத்திரி முழுக்கக் குழந்தைக்கு வயிற்றால் போயிற்று. வாடிய கீரைத்தண்டாகத் தோளில் கிடந்தது.

மூன்றாம் நாள் முதலாளி ஆள் விட்டிருந்தார். போனேன். படகு கரையில் இருந்தது. இஞ்சினைக் கழற்றி மேலே வைத்திருந்தார்கள். படித்துறையில் பொம்பளைகள் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மொள்ளுவதா வேண்டாமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. என் மனைவியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றாள்.

முதலாளி குரலைத் தணித்துப் பேசினார். கோபம் ஆறியிருந்தது. “பிட்டரு, டவுன்ல விசாரிச்சேன். நீ சொன்னதுதான் சரியாம். இதைப் பட்டறைக்குக் கொண்டுபோயிச் சரிபண்ணிரு. மாசிக்குச் சம்பந்தி வீட்ல மறுபடி வாராவ. அந்த அளவைச் சரியாச் சொல்லு, டிரைவர் எழுதிக்கிடட்டும்.”

நான் சொன்னதுதான் சரி! அந்தச் சொல்லைக் கேட்கத்தானே மூன்று நாளாக உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினாறுக்கு ஒன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

என் மனைவி படியேறி வந்துவிட்டாள். முதலாளிக்கு நேராக நின்று எங்கள் தெருப் பொம்பளைகள் பேசி நான் பார்த்ததில்லை.

“மொதலாளி, ஒங்க இஞ்சினுக்கு எந்த எண்ணெய் ஒத்துக்கிடும்னு அவிய சொல்லுவாவ. எம்புள்ளைக்கு எந்தத் தண்ணி ஒத்துக்கிடும்னு நீங்க சொல்லிட்டுப் போங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். உன் பொண்டாட்டியை அடக்கு என்ற பார்வை. என்னால் அவளையும் பார்க்க முடியவில்லை, அவரையும் பார்க்க முடியவில்லை. படித்துறையில் இருந்த பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார்கள். முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் லாரி வந்து படகை ஏற்றிக்கொண்டு போனது. அதற்கு மாலை போட்டவர்களில் ஒருவர்கூட அன்று கரைப் பக்கம் வரவில்லை.

என் மனைவி முதலாளியைக் கேட்ட அன்று நான் பட்டறைக்குப் போகவில்லை. இரண்டு குடங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேற்கே மூன்று மைல் தள்ளியிருந்த ஊருக்குப் போனேன். ஆம்பளை குடத்தோடு போனால் சிரிப்பார்கள் என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. அங்கே நல்ல தண்ணீர் ஊருணி. கரையில் வயதான ஒரு அம்மாள் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். என் காக்கிச் சட்டையையும், எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு ஏறிய நகங்களையும் பார்த்தாள்.

“கப்பலுக்கு எண்ணெய் சொன்ன பிட்டரு நீங்கதானா?”

ஆமாம், கைப்பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும் என்றேன். குடத்தை அவிழ்த்துக்கொண்டு படியில் கால் வைத்தேன். அவள் அவசரமாக எழுந்து வந்து குடத்தை என் கையிலிருந்து வாங்கினாள்.

“நீங்க எறங்க வேண்டாம் தம்பி. பச்சப்புள்ளைக்குன்னா இல்லன்னு சொல்ல மாட்டோம். நானே மோந்து தாரேன்.”

அவள் சொன்னதில் கோபப்பட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு குடமும் நிறையும் வரை கரையிலேயே நின்றேன்.